முழந்தாள் மடங்காவிட்டாலும் வணக்கம் உண்டு



வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தவறாது வந்த அம்மாமார் சிலரைக் குளிர் தொடங்கியபின் காணக் கிடைப்பதில்லை. விசாரித்தால், "முழங்கால் மடக்க ஏலாது ஐயா. சுவாமிக்கு முன்னால் கதிரையில் இருக்கக் கூச்சமாயிருக்கிறது" என்கிறார்கள்.

நாவலர் பெருமானின் சைவ வினாவிடையைப் படித்தவர்கள் அறிவார்கள், நமஸ்காரம் மூன்று வகை. அட்டாங்கத்தில் எட்டு உறுப்புக்களும், பஞ்சாங்கத்தில் முழந்தாள்கள் உட்பட ஐந்தும் நிலத்திலே தோயவேண்டும். திரியாங்கத்துக்கோ இரு கைகளையும் தலைமேற் குவித்தாற் போதும். அதுவும் சாத்திரம் வகுத்த வணக்கமே. ஏலாதவருக்குக் கொடுத்த சலுகையன்று.

"அப்பர் சுவாமிகள் தேய்ந்த காலோடு கயிலைக்குப் போகவில்லையா?" என்று கேட்போரும் உண்டு. போனார். கால் தேயக் கையால் ஊர்ந்தார், கையும் தேய மார்பால் நகர்ந்தார், பின் உருண்டார். ஆனால் சேக்கிழார் அங்கே கதையை நிறுத்தவில்லை. இறைவன் அவரைத் தடுத்து, உறுப்புக்களை முன்போல் ஆக்கி, பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றிலே கயிலைக் காட்சியைக் கொடுத்தான். அடியாரை மேலும் தேயவிட அவன் மனம் கொள்ளவில்லை.

வயதானோரிடம் அதிகம் காணும் மூட்டுவாதம், எலும்பு முனைகளை மூடிய குருத்தெலும்பு தேய்வதால் வருவது. நோகிறதென்று ஒரேயடியாக இருந்துவிட்டால் தொடைத்தசை மெலிந்து மூட்டு மேலும் இறுகும். அளவான நடை நல்லது. பிரகாரத்தை மூன்று முறை சுற்ற ஏலாதவர் ஒருமுறை சுற்றலாம். உடல் நிறையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறையும் என்கிறது மருத்துவ ஆய்வு. (சர்க்கரைப் பொங்கலை இரண்டாந்தரம் வாங்குவோர் கவனிக்க!)

காலையில் விரல் மூட்டுக்கள் வீங்கி, அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது வேறு வாதமாயிருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவது. எண்ணெய் பூசி நாள் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் மூட்டுச் சிதைவைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

கதிரைக்குக் கூச்சப்படும் தாய்மார் அறுபத்துமூவர் வரிசையைப் பாருங்கள். எல்லோரும் நிற்க, காரைக்காலம்மையார் மாத்திரம் இருந்த கோலத்தில் இருக்கிறார்.

பிள்ளைகளே, அம்மாவைக் கோயில் வாசலில் இறக்கி, கைபிடித்து உள்ளே இருத்திவிட்டுக் காரை நிறுத்தப் போங்கள். தீபாராதனை அதற்குள் முடிந்துவிடாது.