சொல்லாமை பொய்யாகுமா?

காரோடு வந்த வானொலியில் ஒலியைக் கூட்டக் குமிழைத் திருப்பினால் ஒலி குறைகிறது; மறுகணம் அலறுகிறது. பழைய வானொலிகளில் குமிழின்கீழ்க் கரித்தடத்தின்மீது தொடுமுனை ஊர்ந்தது. தூசு படிந்தால் கரகரக்கும். பின்வந்தவற்றில் குமிழின் சுழற்சி மின்துடிப்புகளாக எண்ணப்படுகிறது. தொடுமுனையில் அழுக்குச் சேர்ந்தால் கூட்டலும் கழித்தலும் தடுமாறும். பல வேளைகளில் துப்புரவுத் திரவம் சில துளிகளே போதும்.

இதை அறிந்த பழுதுபார்ப்பவர், "புதியது வாங்கிவிடுங்கள், நன்றாகப் பாடும்" என்று மட்டும் கூறினால் அது பொய்யா? சொல்லில் பிழையில்லை, புதியது நன்றாகவே பாடும். தீமை பயவாத சொல்லே வாய்மை என்றார் வள்ளுவர். தீமை பயக்கும் மௌனத்தை எங்கே வைப்பது? அறிவுக்குக் கூலி கேட்பது குற்றமன்று. கால்மணி நேர வேலைக்கு மிகுதியாகக் கேட்டாலும் அது வெளிப்படையான பேரம், வந்தவர் மறுக்கலாம். மறைத்தவரிடம் எதை மறுப்பது? தேய்ந்துபோன தடத்தைத் திரவம் மீட்காது என்பதும் உண்மையே. ஆனால், அது திறந்து பார்த்தவர் மட்டுமே சொல்லத்தக்கது.