சொந்தப் பேரப்பிள்ளையை வளர்க்க உதவித்தொகையா?

கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்த அகமதாபாத் சிறுவனை யார் வளர்ப்பது? 2022 ஜூனில் இந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றது. ஒரு பக்கம் தந்தைவழித் தாத்தா பாட்டி. தாத்தாவுக்கு 71 வயது, பாட்டிக்கு 63. மறுபக்கம் தாயின் உடன்பிறந்தவர். வயது குறைவு, அரசு வேலை. குஜராத் உயர் நீதிமன்றம் சிறுவனை அவரிடம் ஒப்படைத்திருந்தது. வயதும் வருமானமும் மட்டுமே அளவுகோல் ஆகாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் தாத்தா பாட்டியிடமே பேரனைக் கொடுத்தது.

மனம் ஒப்புகிற தீர்ப்புதான். ஆனாலும் உயர் நீதிமன்றத்தின் கவலை வீண்கவலை அல்ல. அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது தாத்தா எண்பதைத் தாண்டியிருப்பார். பாசத்தை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்கும் சமூகம், மூட்டுவலியும் சர்க்கரையும் குடியிருக்கும் அப்படிப்பட்ட வீடுகளுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது?

எதுவும் இல்லை என்பார் உண்டு. சொந்தப் பேரனுக்குச் சோறு போடக் கூலியா, பணம் வந்தால் உறவு வியாபாரமாகிவிடாதா என்பது அவர்கள் வாதம். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. பிள்ளையின் பெயரில் பணம் வந்ததும் முளைக்கும் உறவினர்களை ஊர் பார்த்திருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து, உதவியை நிறுத்துவது அல்ல. பெருந்தொற்றில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்த உதவியில் இதற்கு வழி இருந்தது. ஐந்து லட்ச ரூபாய் குழந்தையின் பெயரில் வைப்புநிதி, 18 வயதில்தான் கைக்கு வரும். உறவினர் பராமரிப்பில் வளரும் குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய் தனி.

பாட்டி மறுக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அநியாயம் அங்கேதான் தொடங்குகிறது. "என்னால் முடியாது" என்று அவர் கைவிரித்தால் குழந்தை காப்பகத்துக்குப் போகும். கட்டடம், காப்பாளர், சாப்பாடு எல்லாவற்றுக்கும் பொதுப்பணம் செலவாகும். அவர் ஏற்றுக்கொண்டால் அந்தச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தை அவருடைய முதுகில் ஏற்றிவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வைப்பது நேர்மையல்ல. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயாக உயர்ந்ததே 2023இல்தான். ஒருவர் வயிற்றுக்கே போதாத பணத்தில் இரண்டு பிள்ளைகளுக்குச் செருப்பும் நோட்டும் எங்கிருந்து வரும்?

பணத்தைவிடக் காகிதம் பெரிய சுமை. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956 தந்தையையும் தாயையும்தான் இயற்கைக் காப்பாளர் என்கிறது. தாத்தா பாட்டி சட்டப்படி காப்பாளராக வேண்டுமானால் நீதிமன்றம் போக வேண்டும். அதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம், இ-சேவை மையம் என்று நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. வயல்வேலையில் தேய்ந்த கட்டைவிரல் ரேகை கருவியில் பதிவதில்லை. ஓடிபி வரும் எண்ணோ இறந்துபோன மகளுடையது.

சான்றிதழ் கேட்காத உதவியும் இருக்கிறது. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், தட்டை நீட்டும் பிள்ளையை வளர்ப்பது யார் என்று விசாரிப்பதில்லை. விடியலில் அடுப்பு மூட்ட முடியாத கிழவிக்கு அது பெரிய ஆறுதல். ஊரும் இதே வழியில் கைகொடுக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவில் ஒருவர் விண்ணப்பத்தை நிரப்பிக் கூடவே அலுவலகம் வரலாம். கணக்குப் பாடத்துக்குப் பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவி உதவலாம். பாட்டி மருத்துவமனையில் படுத்தால் பிள்ளை யார் வீட்டில் தூங்கும் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

இறப்புச் சான்றிதழ் இல்லாத அநாதைகளின் நிலைதான் கடினம். அப்பா குடியில், அம்மா வேறு ஊரில், பிள்ளை பாட்டி மடியில். இங்கே உதவி கொடுத்தால் பொறுப்பற்ற பெற்றோருக்கு வசதியாகிவிடும் என்ற வாதம் வலுவானது. ஆனால் அப்பனைத் திருத்துவதற்காகப் பிள்ளையைப் பட்டினி போட முடியாது. முதலில் பிள்ளைக்கு உதவி சேரட்டும். பிள்ளைக்கான பராமரிப்புத் தொகையைப் பெற்றோரிடம் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த வழக்கை நடத்தும் பொறுப்பை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஏற்க வேண்டும். பெற்ற மகன்மீதே வழக்குப் போடு என்று எழுபது வயதுத் தாயிடம் சொல்லக் கூடாது.