கையை உயர்த்துவது யார்?

மேசைமேல் இருக்கும் தண்ணீர்ச் செம்பை ஒருவர் எடுக்கிறார். எந்தத் தசையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே எடுத்துக் குடித்துவிடுகிறார்.

பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் நிக்கோலா மால்பிரான்ஷை உலுக்கியது இந்தச் சின்ன விஷயம்தான். 1674-75இல் வெளிவந்த தம் பெருநூலில் அவர் வாதிட்டார்: ஒரு செயல் எப்படி நடக்கிறது என்றே அறியாதவன் அதைச் செய்பவன் ஆகமாட்டான். விரலை அசைக்க எந்த நரம்பின் வழியே எதை அனுப்புவது என்று மனிதன் அறியான். ஆகவே அசைப்பவர் கடவுள். மனிதனின் விருப்பம் அதற்கு ஒரு சந்தர்ப்பம் மட்டுமே. எல்லாம் அவன் செயல் என்று கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இது அந்நியமாக ஒலிக்காது.

அந்த அறியாமை அவர் நினைத்ததைவிடப் பெரிது. பாரம் கூடக்கூடத் தண்டுவடத்தில் சிறிய இயக்க நரம்பணுக்கள் முதலிலும் பெரியவை பின்னாலும் வேலைக்கு வருகின்றன. வந்தவை தம் துடிப்பை விரைவாக்குகின்றன. முழங்கையை மடக்கும் தசை இறுகும்போது, எதிர்ப்புறத் தசையை இறுக்கும் நரம்பணுக்களைத் தண்டுவடமே அடக்கி வைக்கிறது. நின்றபடி கையைச் சட்டென்று தூக்குபவரின் உடல் சாயாதிருக்க, கைக்கு முன்பே கால் தசைகள் தயாராகிவிடுகின்றன. இதில் ஒன்றுக்கும் அவர் உத்தரவிடவில்லை.

தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748இல் இதே அறியாமையை எடுத்துப் பேசினார். ஆனால் அந்த இடத்தில் கடவுளை வைக்க மறுத்தார்.

1920களில் மாஸ்கோவில் உடல் அசைவுகளை ஆராய்ந்த நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் இந்தக் கேள்விக்கு வேறு வழியில் வந்தார். உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களின் மூட்டுகளில் சிறு மின்விளக்குகளைப் பொருத்திப் படமெடுத்தார். தேர்ந்த கையின் எல்லா அடிகளும் அச்சில் வார்த்ததுபோல இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. தோளும் முழங்கையும் அடிக்கு அடி வேறு பாதையில் போயின. சுத்தியலின் முனை மட்டும் அந்த அளவுக்கு மாறவில்லை. ஒரு மூட்டு விட்டதை இன்னொன்று ஈடுகட்டியது.

மால்பிரான்ஷின் வாதம் இங்கேதான் தளர்கிறது. சொல்லி விளக்க முடிவது மட்டுமே அறிவு என்று அவர் கொண்டார். அந்தத் தொழிலாளியின் கையில் இருப்பதும் அறிவுதான். ஆயிரமாயிரம் அடிகளில் அவனே சேர்த்தது. அதை அவனிடமிருந்து பறித்துக் கடவுளிடம் கொடுத்தால் கடவுளுக்கும் பெருமை இல்லை. ஆனால் அந்தக் கைப்பழக்கம் ஊன்றி நிற்கும் தண்டுவட அமைப்பை அவன் உழைத்துப் பெறவில்லை, பிறக்கும்போதே கிடைத்தது. அந்தப் பங்குக்காகக் கைகூப்புகிறவரை எந்த ஆய்வும் தடுக்கவில்லை.

பக்கவாதத்தால் கை விழுந்தவரிடம் விருப்பம் அப்படியே இருக்கிறது, கைதான் வருவதில்லை. பயிற்சியாளர் அவரிடம் தசையின் பெயரைச் சொல்வதில்லை. எதிரே ஒரு டம்ளரை வைத்து, "எடுங்க பார்ப்போம்" என்கிறார். விரல் நுனி அதைத் தொடச் சிலருக்கு வாரங்கள் ஆகின்றன.