வென்ற ஆட்டத்தின் குறிப்பேடு

நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டப் போட்டிகளில் கலந்துகொள்பவர். போட்டி நடக்கும் ஊர்களுக்கு இரவு வண்டியில் சென்று, ஆடி முடித்துத் திங்கள் காலையில் மதுரை திரும்புவார். வீட்டில் இடம் போதாதென்று, மாலையில் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்து, பலகையை விரித்து, முடிந்துபோன ஆட்டங்களைத் தன்னந்தனியே மறுபடி ஆடிப் பார்ப்பார். ஒரு நாள் நாமும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் அருகில் அமர்ந்தோம். அன்று கேட்ட ஒரு வார்த்தை பல வாரங்களாக நம்மை விடவில்லை.

ஆட்டத்தை அறியாத அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் உருவாக்கிய ஆட்டம் இது. நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப எழுத்துச் சில்லுகளை அவர் வகுத்தார். பையில் 100 சில்லுகள். அவற்றுள் இரண்டில் எழுத்தே கிடையாது. ஆடுபவர் பாராமல் கைவிட்டு ஏழு சில்லுகளை எடுத்து, 225 கட்டங்கள் கொண்ட பலகையில் ஆங்கிலச் சொற்களைக் கோக்க வேண்டும். ஏழையும் ஒருசேர வைத்துவிட்டால் 50 புள்ளி கூடுதல். 247 எழுத்துகள் கொண்ட நம் தமிழில் இதை எப்படி ஆடுவது என்று கேட்டோம். "அதுக்குப் பை பத்தாது ஃபாதர், சாக்கு வேணும்" என்றார். ஆக, எந்தச் சொல்லை வைப்பது என்பது ஆடுபவரின் பொறுப்பு. அடுத்து எந்த எழுத்து வரும் என்பது அவர் பொறுப்பில் இல்லை.

அவருடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி இருந்தது: கையிலிருந்த எழுத்துகள், வைத்த சொல், வைக்காமல் விட்ட சொல். அவர் முகவாட்டத்தைப் பார்த்து, தோற்ற ஆட்டத்தைத்தான் ஆராய்கிறார் என்று எண்ணி, "எத்தனை புள்ளியில் தோற்றாய், தம்பி?" என்றோம்.

"ஜெயிச்ச ஆட்டம் ஃபாதர். அதான் பாக்குறேன்."

நடந்தது இது. ஆட்டத்தின் பிற்பகுதியில் அவர் முன்னிலையில் இருந்திருக்கிறார். 28 புள்ளி தரக்கூடிய சொல் ஒன்று கையில் தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு, ஒரே ஒரு சில்லை மட்டும் வைத்து 4 புள்ளி எடுத்தார். குறிப்பிட்ட ஓர் எழுத்து வந்தால் ஏழெழுத்துச் சொல் அமையும் என்ற நப்பாசை. அவர் கண்ணுக்குப் படாத சில்லுகள் அப்போது 30. அவற்றுள் அவர் வேண்டிய எழுத்து ஒன்றே. பைக்குள் கையை விட்டார், அதுவே வந்தது. ஏழு எழுத்துகளும் பலகையில் இறங்கின. சுற்றி நின்றவர்கள் கைகொடுத்துப் பாராட்டினார்கள்.

"முப்பதுல ஒண்ணு ஃபாதர். முன்னாடி இருக்கிறவன் அப்படி ஆடவே கூடாது. அம்பது வாங்கணும்ங்கிற ஆசை கண்ண மறைச்சிருச்சு. தோத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

குவாக்கிள் என்னும் இலவசக் கணிப்பொறி நிரல் ஒன்றையும் அவர் காட்டினார். ஆட்டத்தின் ஒரு நிலையை அதற்குக் கொடுத்தால், இன்னின்ன எழுத்துகள் வரக்கூடும் என்று ஆயிரக்கணக்கான முறை தனக்குள்ளேயே எடுத்து ஆடிப் பார்த்து, எந்தச் சொல்லை வைத்திருப்பது நலம் என்று சொல்கிறது. உண்மையில் அடுத்து வந்த எழுத்து எது என்று அது கேட்பதே இல்லை. மனிதரோ முதலில் கேட்பது அதைத்தான்.

சதுரங்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடின் பத்தாம் சுற்றில், 16 வயது குகேஷ் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவிடம் சாதகமான நிலையிலிருந்து தோற்றதை நம்மில் பலர் அறிவோம். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று. குகேஷின் அணிக்கு வெண்கலம். மனம் உடைக்கும் தோல்விதான். ஆயினும் அங்கே காய்கள் அனைத்தும் கண்முன் நின்றன. தவறு எந்த நகர்த்தலில் நேர்ந்தது என்பதைப் பலகையே சொல்லிவிடும். நம் அன்றாட வாழ்வோ பெரும்பாலும் பைக்குள் கைவிடும் ஆட்டமாகவே இருக்கிறது.

மேலூர்ப் பக்கத்து ஒருபோக நிலங்களைப் பாருங்கள். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் திறக்கும் நாள் உறுதியாகும் முன்னரே நாற்றுப் பாவிவிடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் வந்த ஆண்டில் அவர் கெட்டிக்காரர். வராத ஆண்டில் அவசரக்காரர். இரண்டு ஆண்டுகளிலும் அணையின் நீர்மட்டத்தைக் கேட்டறிந்து, வானத்தையும் பார்த்து, அவர் போட்ட கணக்கு ஒன்றே. ஊர் பார்ப்பது களத்துமேட்டு நெல்லை மட்டும்.

குருமடத்தில் புனித தாமஸ் அக்குவினாஸின் 'சும்மா'வைப் படித்தோம் (பெயரைக் கேட்டு முதல் நாள் வகுப்பே சிரித்தது). அதில் ஒரு வினா: செயலுக்குப் பின் நேரும் விளைவு அச்செயலின் நன்மையையோ தீமையையோ கூட்டுமா? முன்னறிந்த விளைவானால் கூட்டும் என்கிறார் அவர். முன்னறியாத விளைவாயினும், அச்செயலிலிருந்து இயல்பாகவும் பெரும்பாலும் விளையக்கூடியதெனில் அதுவும் கூட்டும். தற்செயலாக, அரிதாக நேர்வதெனில் கூட்டாது. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தோம். 'பெரும்பாலும்' என்ற சொல்லின் எடை, திண்ணையில் 'முப்பதுல ஒண்ணு' என்று கேட்டபோதுதான் நமக்கு உறைத்தது.

1976இல் தாமஸ் நேகல் என்ற மெய்யியலார் இதே முடிச்சை வேறு விதமாக எடுத்துக்காட்டினார். தன் வண்டியின் பிரேக்கைச் சோதிக்காமல் ஓட்டுகிறார் ஒருவர். குறுக்கே குழந்தை ஓடி வந்துவிடுகிறது. அதே அலட்சியத்தோடு ஓட்டிய இன்னொருவரின் சாலையில் எவரும் குறுக்கிடவில்லை. முதலாமவர் வாழ்நாளெல்லாம் நொந்து கிடப்பார். இரண்டாமவர் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார். தாம் நன்றாக ஓட்டுகிறவர் என்ற நம்பிக்கையும் அவருக்கு ஒரு படி கூடியிருக்கும்.

அருள்பணியில் நாம் அடிக்கடி சந்திப்பது வேறொரு வகையினரை. "அன்று அவனை அனுப்பாமல் இருந்திருந்தால்" என்று ஆண்டுக்கணக்கில் தன்னையே வதைத்துக்கொள்ளும் தாய்மார்கள் உண்டு. அறிந்தவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே அனுப்பினார்கள். நேர்ந்ததோ எவரும் எண்ணியிராதது. அவர்களுக்கு அக்குவினாஸின் விடை மருந்து. அதே மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் சோம்பலுக்கெல்லாம் 'பை சரியில்லை' என்று சாக்குச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இவ்விருவரையும் பிரித்தறிய, புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் தரும் அறிவுரை உதவும். எண்ணம் எங்கே தொடங்கியது, நடுவில் எப்படித் திரும்பியது, எங்கே முடிந்தது என்று அதன் முழு ஓட்டத்தையும் பின்னோக்கிப் பார்க்கச் சொல்கிறார் அவர். அந்த மாணவரின் குறிப்பேட்டில் இருந்ததும் அதுதானே? '50 வாங்கும் ஆசை' என்று ஒரு வரியை எழுதிய பிறகுதான் அவர் ஏட்டை மூடினார்.

அன்றிரவு நாமும் ஒரு கணக்கை எடுத்துப் பார்த்தோம்.

2012இல் ஓர் இரவு, பதினொரு மணி அளவில் தொலைபேசி வந்தது. கிளைப் பங்கில் முதியவர் ஒருவருக்கு உடல்நிலை மோசம். நோயிற்பூசுதல் வழங்க வர வேண்டும் என்றார்கள். பகலெல்லாம் அலைந்த அசதி. விடிந்ததும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு உறங்கினோம். நான்கு மணிக்கு அவர் இறந்துவிட்டார். வீட்டார் ஒரு சொல்லும் குறைகூறவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் அதை அறிக்கையிட்டோம். பின்னும் பலமுறை அறிக்கையிட்டோம்.

2003இல், வேறொரு கிராமப் பங்கில், அதே போன்று ஓர் இரவு. மழையில் நனைந்தபடி ஒரு மகன் வந்து கதவைத் தட்டினார். தாய்க்கு மூச்சு இழுக்கிறது என்றார். வழி ஏழு கிலோமீட்டர், அத்தனையும் மண்சாலை. விடிந்ததும் வருகிறோம் என்றோம். காலையில் போனபோது அந்த மூதாட்டி கட்டிலில் எழுந்து அமர்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். 'இவர்கள் எல்லாவற்றுக்கும் பதறுவார்கள்' என்று ஒரு பாடத்தையும் கற்றுக்கொண்டு திரும்பினோம். 2012இல் தொலைபேசியை வைத்துவிட்டு நம்மைப் படுக்கைக்கு அனுப்பியது அந்தப் பாடம். இரண்டு இரவுகளிலும் நாம் அறிந்திருந்தது ஒன்றே. எடை போட்டதும் அதே உறக்கத்தைத்தான். ஆனால் அந்த முதல் இரவை இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நாம் அறிக்கையிட்டதில்லை.

மூதாட்டி நலமாகவே இருந்தார். நாம் மாற்றலாகிப் போகும்வரை, ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் காத்திருந்து கைகூப்புவார். "தோத்திரம் சாமி. அன்னைக்கு விடிஞ்சதும் விடியாததுமா எனக்காக ஓடி வந்தீங்களே" என்பார். நாம் அவர் நெற்றியில் சிலுவையிட்டு ஆசீர் வழங்குவோம்.