கணமும் காரணமும்: புதுப்பிக்கப்படும் வீட்டின் படங்கள்

ஓடுகளை இறக்கி, சுவரை இடித்து, தரையைப் பெயர்த்து மீண்டும் எழுப்பிய பின் அங்கே நிற்பது முன்பிருந்த அதே வீடுதானா என்னும் கேள்வி, பௌத்தர்களும் ஆன்மாவின் நிலைபேற்றை ஏற்ற பிற சமயத்தாரும் பல நூற்றாண்டுகள் வாதிட்ட பெருஞ்சிக்கல் ஒன்றைக் குடும்ப வாழ்வின் நடுவே கொண்டுவந்து வைக்கிறது. பிழைப்புக்காக அன்றி விருப்பத்தால் மட்டும் படமெடுப்பவர், வாசற்கோலத்தையும் தாழ்வாரத்து வெயிலையும் சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனாரையும் திண்ணையின் ஒரே மூலையிலிருந்து நாள்தோறும் பதிவு செய்யும்போது, அவர் அறிந்தோ அறியாமலோ இவ்வாதத்திற்குச் சான்று திரட்டுபவர் ஆகிறார்.

பௌத்தர்களின் கணபங்க வாதம், அதாவது தோன்றிய பொருள் தோன்றிய கணத்திலேயே அழிந்து, தன்னை ஒத்த மற்றொன்றுக்கு இடம் விடுகிறது என்னும் கொள்கை, முதற்பார்வைக்குக் கேமராவின் கொள்கையாகவே தோன்றுகிறது. பௌத்த அறிஞர் வசுபந்துவின் அபிதர்மகோச உரை, வலிமையுள்ள ஒருவன் விரலைச் சொடுக்கும் நேரத்தில் 65 கணங்கள் கழிவதாகச் சொல்வதோடு, 120 கணம் ஒரு தற்கணம், 60 தற்கணம் ஓர் இலவம், 30 இலவம் ஒரு முகூர்த்தம், 30 முகூர்த்தம் ஒரு நாள் என்னும் வாய்பாட்டையும் தருகிறது. இதன்படி ஒரு நாளில் 64,80,000 கணங்கள் அடங்குவதால், ஒரு கணம் நொடியில் ஏறத்தாழ 75இல் ஒரு பங்கு ஆகும். இன்றைய எளிய கேமராவின் திரை 1/125 நொடியில் திறந்து மூடுகிறது என்பதால், வசுபந்துவின் கணத்தைவிடவும் குறுகிய காலத்தை விருப்பப் புகைப்படக்காரர் வெகு இயல்பாகக் கையாள்கிறார். ஆயினும் அந்தக் குறுகிய காலத்திலும் சுவரில் வீசி அடிக்கப்படும் சாந்து படத்தில் சற்றே கலங்கித் தெரிகிறது. எவ்வளவு விரைவாகத் திறந்து மூடினாலும் கருவி பெறுவது ஒரு காலநீட்சியையே அன்றி, பகுக்க இயலாத கணத்தை அன்று.

புகைப்படத்தின் தொடக்க வரலாறு இதை மேலும் தெளிவாக்குகிறது. நீசஃபோர் நியெப்ஸ் 1827ஆம் ஆண்டளவில் பிரான்சில் தம் நாட்டுப்புற வீட்டின் மாடிச் சன்னலிலிருந்து எடுத்த படத்திற்குக் குறைந்தது எட்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே படத்தில் பதிந்து, எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் ஒளி பெற்று நிற்கின்றன. டாகேர் 1838இல் பதிவு செய்த பாரிஸ் சாலையில், சில நிமிடங்கள் ஒளியேற்க வேண்டியிருந்ததால், ஓடிய வண்டிகளெல்லாம் மறைந்துபோக, காலணியைத் துடைக்கக் கொடுத்தபடி அசையாது நின்ற ஒருவரே தெளிவாகத் தெரியும் மனிதராக எஞ்சினார். டால்பட் 1844இல் எடுத்த திறந்த கதவின் படத்தில் இருப்பதோ வாசலில் சாத்திய ஒரு துடைப்பம். வீடும் அன்றாடமும் இக்கலையின் பிற்கால ஆர்வங்கள் அல்ல, அதன் முதற்பொருள்கள் என்பதை வீட்டைப் படமெடுப்பவர் எவரும் மகிழ்ச்சியோடு நினைவில் கொள்ளலாம்.

படம் பதிவது காலநீட்சியையே என்றாலும், அதில் நிலைத்து நிற்பதாகத் தோன்றிய சுவரும் விளக்குச் சுடரைப் போல ஒத்த கணங்களின் தொடர்ச்சிதான் என்று பௌத்தர் விடையளிப்பார். படத்தை மட்டும் வைத்து அவரை மறுக்க இயலாது. படத்தைக் காண்பவரிடத்திலேதான் வாதம் திரும்புகிறது. பழைய முற்றத்தின் படத்தை ஒருவர் கையில் எடுத்து, இந்தத் தூணருகில்தான் பாட்டி அமர்ந்து அரிசி புடைப்பார் என்று கூறுமிடத்து நிகழ்வது மீட்டறிவு, அதாவது முன்பு கண்டதை இதுவே அது என இப்போது அறிதல் ஆகும். கண்டவரும் நினைப்பவரும் வேறுவேறானால் இவ்வறிவு யாருக்கு உரியது என்று ஆன்மாவை ஏற்கும் மரபுகள் கேட்கும் கேள்விக்கு, ஒப்புமையால் விளைந்த மயக்கம் என்னும் பௌத்தரின் விடை போதுமானதாகத் தோன்றவில்லை. அந்தத் தூண் இடிக்கப்பட்டு, ஒத்த பொருள் எதுவும் எஞ்சாத இடத்திலும், மீட்டறிவு பிசகாமல் எழுகிறது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பிற சமயக் கொள்கைகளை ஆராயும் தன் பரபக்கத்தில் பௌத்தர்களின் நான்கு பிரிவினரையும் எடுத்துக்கொண்டு மறுக்கிறது. சைவ சித்தாந்தம் கைக்கொள்ளும் சற்காரிய வாதத்தின்படி, காரியம் தன் காரணத்துள் முன்பே உள்ளது. அழிவு என்பது இல்லாமற் போதல் அன்று, காரணத்துள் ஒடுங்குதல் ஆகும். குடத்திற்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம் என்னும் இக்கோட்பாட்டின் பாகுபாட்டைப் புதுப்பிக்கும் வீட்டில் கண்ணாரக் காணலாம். இடித்த சுவரின் செங்கல் ஜல்லியாகிப் புதுத் தரைக்கு அடிநிரப்பாகிறது; பழைய உத்தரம் அறுபட்டுச் சன்னல் சட்டமாகிறது. குப்பைமேடு என்று ஒதுக்காமல் அந்த இடிபாட்டையும் படமெடுப்பவர், ஒடுக்கத்தையும் மீள்தோற்றத்தையும் ஒரே சட்டகத்துள் காட்டிவிடுகிறார்.

கோயிலுக்குச் செல்லும் விடுமுறை உலாவும் இதே சிந்தனைக்கு இடமளிக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பல படங்களாக எடுத்து நீண்ட ஒரே தொடராக ஒட்டினார்; இன்று அங்கே செல்பவர், இவையே அவை என மீட்டறிந்து, அதே எழுத்துகளின் முன் நின்று தம் படத்தையும் எடுக்க முடிகிறது.

கோயில் திருப்பணிக்கு ஆகமங்கள் வகுத்த முறையும் இங்கே எண்ணத் தக்கது. சிதைந்ததைச் செப்பனிடும் சீர்ணோத்தாரணத்தின்போது, மூலமூர்த்தியின் ஆற்றல் கலாகர்ஷணம் என்னும் சடங்கினால் கும்பத்திலோ வேறொரு வடிவிலோ ஏற்றப்பட்டு, பாலாலயம் எனப்படும் தற்காலிக இருப்பிடத்தில் வழிபடப்படுகிறது. கல்லும் சுதையும் மாறும் காலத்தில் வழிபாடு அறுபடாதிருத்தலே கோயிலின் தொடர்ச்சிக்கு உறுதியாகக் கொள்ளப்படுகிறது. வீடு புதுப்பிக்கும் குடும்பத்தாரும் சாமி படங்களையும் காமாட்சி விளக்கையும் ஒரு மூலை அறைக்கு மாற்றி, அரிசி மூட்டைக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் இடையே அந்தியில் விளக்கேற்றுகின்றனர். வேலைக்கு முன்பு ஒன்றும் வேலை முடிந்த பின்பு ஒன்றுமாக இரண்டு படங்களை அருகருகே வைக்கும் வழக்கம், இரண்டு வீடுகளைக் காட்டி, அவற்றை ஒரே வீடாக்கிய இடைக்காலத்தை விட்டுவிடுகிறது. மூட்டைகளுக்கிடையே விளக்கேற்றிய அந்த மாலைகளின் படங்கள், ஒளி குறைந்தும் குவியம் பிசகியும் இருப்பினும், அதே வீடுதானா என்னும் கேள்விக்கு ஏனைய இரண்டைவிட நேரான சான்றுகளாகும்.