நிலவில்லா இரவின் பாடல்

பகலும் இரவும் கூடுகின்ற பொழுதைச் 'சந்தி' என்று வழங்கினர் நம் முன்னோர். அந்தப் பொழுதுகளை அவர்கள் பாடாமல் விட்டதில்லை. விடியலின் தேவதையாகிய உஷையைப் போற்றி ரிக் வேதத்தில் சுமார் 20 சூக்தங்கள் உள்ளன. திருவரங்கத்துப் பெருமாளைத் துயிலெழுப்பத் தொண்டரடிப்பொடியாழ்வார் 10 பாசுரங்களும், திருப்பெருந்துறை ஈசனைத் துயிலெழுப்ப மாணிக்கவாசகர் 10 பாடல்களும் அருளினர். உறக்கமே அறியாதவனை எதற்காக எழுப்புவது என்று வினவலாம். எழ வேண்டியவர் யார் என்பது பாடுகிறவருக்குத் தெரியும்! எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடி 1963-இல் இசைத்தட்டாக வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம் இன்றும் எத்தனையோ இல்லங்களில் ஒலிக்கிறது. பெரும்பாலும் காபி ஆற்றும் ஓசையோடு கலந்துதான்.

அந்தியும் நிலவும் விடியலும் பாட்டில் வந்தால் மனம் இளகுவது இயல்பு. ஆனால் அந்த இளக்கம் எதுவரை தாங்கும்? வெயில் ஏறினால் வற்றிவிடுகிற பனித்துளிதானா அது?

இந்த வினாவுக்கு விடை அப்பர் பெருமானின் வாழ்வில் உள்ளது. சமண சமயத்திலிருந்து மீண்டு சைவம் திரும்பிய அவரைப் பல்லவ மன்னன் சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கச் செய்தான் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஏழு நாட்கள்! அந்த வெப்பத்தின் நடுவே அவர் பாடிய பதிகத்தில் வீணையின் நாதமும், மாலை நிலவும், தென்றலும், வண்டு முரலும் பொய்கையும் வருகின்றன. ஈசனின் திருவடி நிழலுக்கு அவர் கண்ட உவமைகள் இவை. அவற்றுள் ஒன்றுகூட அந்தக் காளவாயில் இல்லை. குளிர்ந்த முற்றத்தில் அமர்ந்து நிலவைப் புகழ்வது ரசனை. நீற்றறையில் இருந்துகொண்டு அதன் குளிர்ச்சியைத் திருவடியில் உணர்வது அனுபூதி. பாட்டு ஒன்றுபோலத் தோன்றலாம். அது பிறக்கும் இடம் வேறு.

இவ்வுண்மையைக் கல்வியறிவு பெறாத பாடகர்களும் உணர்ந்திருந்தனர். கர்நாடகத்தில் ஹனூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் கௌதள்ளி என்னும் ஊர் உள்ளது. 1956 வரை கொள்ளேகால் வட்டம் முழுவதும் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எனவே தமிழும் கன்னடமும் அங்கே அண்டை வீட்டாரைப் போலப் பழகுகின்றன. சேலம், ஈரோடு, தருமபுரிப் பகுதி மக்களுக்கும் மாதேசுவரர் குலதெய்வம் போன்றவர். சிவராத்திரியையொட்டிப் பக்தர்கள் கௌதள்ளியைக் கடந்து, தாளபெட்டாவில் மலையேறத் தொடங்குகின்றனர்.

எழுபத்தேழு மலைகளின் தலைவன் என்று மாதேசுவரரைப் போற்றுவோர் கம்சாளைப் பாடகர்கள். குருவிடம் தீட்சை பெற்று, பிச்சை ஏற்பதையும் பாடுவதையும் விரதமாகக் கொண்டவர்கள். கிண்ணம் போன்ற வெண்கலத் தாளம் ஒரு கையில். குஞ்சம் கட்டிய தட்டையான தாளம் மறு கையில். இரவு முழுவதும் கதை நீளும். அக்காவியத்தை ஹெப்பணி மாதய்யா குழுவினர் பாடியதிலிருந்து கே. கேசவன் பிரசாத் தொகுத்தார்.

அதில் நெஞ்சை உருக்குவது சங்கம்மாளின் கதை. தேனெடுக்கக் காட்டுக்குள் செல்லும் கணவன், திரும்பும்வரை கற்போடு இருப்பதாகக் கையடித்துச் சத்தியம் செய்யச் சொல்கிறான். அவள் மறுக்கிறாள். நெறியோடு வாழ்பவளிடம் சத்தியம் கேட்பதே அவமதிப்பு அல்லவா? அவன் அவளைத் துன்புறுத்திக் காட்டுக் குடிசையில் அடைத்துவிட்டுப் போகிறான். துணையற்ற அவள் அழைத்தது மாதேசுவரரை. அவர் வந்து காத்ததோடு, இரு மைந்தரைப் பெறும் வரமும் அளித்தார். அப்பரின் காளவாயும் சங்கம்மாளின் குடிசையும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை.

சிவராத்திரி தேய்பிறைச் சதுர்தசியில் வருவது. அமாவாசைக்கு முந்திய இரவாகையால் வானில் நிலவைத் தேடிப் பயனில்லை. மாதேசுவரன் மலையில் அமாவாசையும் சிறப்பு நாளே. வேதம் சந்திரனை மனத்திலிருந்து தோன்றியவனாகக் கூறுகிறது. அந்த இருளில் தாளமும் கதையும் நான்கு யாமங்களையும் கடந்து செல்கின்றன. கிழக்கு வெளுக்கும்போது பாடகர் தாளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, பிச்சைக்குப் பையை ஏந்தி அடுத்த வாசலுக்கு நடக்கிறார்.