யாருடைய பால், யார் பெயரில்?

"கூகுள்ல கிடைக்கிறது எல்லாருக்கும் பொதுதானே அண்ணே? தேவாரம் பாடுறப்ப அப்பர்கிட்ட அனுமதி கேட்டுட்டா பாடுறோம்?"

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் நான்காம் படிவ மாணவன் ஒருவன் கேட்டது. பேச்சுப் போட்டிக்காக அவன் கொண்டுவந்த நான்கு பக்கமும் ஓர் இணையப் பக்கத்தில் வரி மாறாமல் இருந்தது. பையன் மழுப்பவில்லை, நியாயம் கேட்கிறான். "காப்பி அடிக்கிறது தப்பு, உட்காரு" என்று அதட்டினால் அவன் உட்கார்ந்துவிடுவான். கேள்வி நின்றுகொண்டே இருக்கும்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. என் மாம்பழத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்குப் பழம் இல்லை. என் கருத்தை எடுத்துக்கொண்டால் அது உங்களிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும். பிறகு எதைத் திருட்டு என்பது?

என் எண்ணம் இது. எடுத்ததில் குற்றமில்லை. எடுத்ததன் மேல் தன் பெயரைப் போட்டதில்தான் குற்றம். பதஞ்சலி சொன்ன இயமங்களில் சத்தியம் முன்னே வருகிறது, திருடாமை அதற்கு அடுத்தே வருகிறது. காப்பி அடிக்கும்போது முதலில் அடிபடுவதும் சத்தியம்தான். தேவாரம் பாடுகிற யாரும் அதை நான் இயற்றினேன் என்பதில்லையே! அப்பர் அருளியது, இன்ன தலத்துப் பதிகம் என்று சொல்லிவிட்டுத்தானே தொடங்குகிறோம்.

மூலத்தைச் சொல்வது வெள்ளைக்காரன் பல்கலைக்கழகத்து வழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நன்னூலைப் பாருங்கள். ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறது. முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அதாவது நூல் எதிலிருந்து வந்தது என்பது. பெரியபுராணத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். சுந்தரர் திருத்தொண்டத் தொகையின் 11 பாட்டில் அடியார்களைப் போற்றினார். நம்பியாண்டார் நம்பி அதை அந்தாதியாக விரித்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை 4,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் காப்பியமாக்கினார். சோழ அரசின் அமைச்சர் அவர். சொல்லாமல் விட்டிருந்தால் யார் போய்க் கேட்டிருப்பார்கள்? ஆனாலும் சுந்தரர் பதிகத்தில் உள்ள அடியார்களை, நம்பி சொன்ன வகைப்படி வழுவாமல் சொல்கிறேன் என்று நூலின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். அதனால்தான் ஒரு நாயனாரைப் பற்றிச் சுந்தரர் சொன்னது எவ்வளவு, சேக்கிழார் விரித்தது எவ்வளவு என்று இன்றைக்கும் நாம் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

சின்னப் பிள்ளைகளிடம் 'ஏபிஏ முறை' என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள். நம் பேராக் பிள்ளைகளுக்குக் கித்தா தோட்டத்தைச் சொன்னால் போதும். பாட்டி இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், தன் நெரையில் மரம் சீவி, மங்கு மங்காகப் பால் சேர்த்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வருகிறார். கிராணி எடை போட்டுப் பெயருக்கு நேரே எழுதுகிறார். அந்த எடையை வேறொருவர் பெயரில் எழுதினால்? பால் எங்கும் போய்விடவில்லை, அதே தொட்டியில்தான் இருக்கிறது. ஆனால் பாட்டியின் அந்தக் காலைப்பொழுது எங்கே போனது? ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குக்கூட இது உடனே பிடிபடுகிறது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பேச்சுப் போட்டிக்குப் பெரியவர்கள் எழுதிக் கொடுப்பதும், பிள்ளை மனப்பாடம் செய்து கோப்பை வாங்குவதும் நம் ஊரில் சகஜம். எழுதியது யார் என்று மேடையில் யாரும் சொல்வதில்லை. இந்தப் பாடத்தை அவர்கள் முதலில் படிப்பது நம்மிடம்தான்.

வகுப்பில் நாங்கள் செய்வது சின்ன விஷயம். படித்ததை மூடி வைத்துவிட்டு, என்ன புரிந்தது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொல்வோம். சொன்னதை எழுதச் சொல்வோம். ஒரு வரி அப்படியே வேண்டுமென்றால் மேற்கோள் குறி போட்டு, யார், எந்த நூல், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று கீழே குறிக்க வேண்டும். 'மூலம்: கூகுள்' என்று எழுதுவது, 'மூலம்: நூலகம்' என்று எழுதுவது மாதிரி. சாட்ஜிபிடி இல்லாத புத்தகத்துக்கே பெயர் சொல்லும், ஜாக்கிரதை.

இதில் மதிப்பெண்ணைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயா முழுவதும் அவசரகாலம். கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. அன்று அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் என்ன பார்த்தார்கள், லயத்தைச் சுற்றி முள்வேலி போட்ட பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பது பெரும்பாலும் அவர்கள் வாயில்தான் இருந்தது. அப்போது பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது 85-க்கு மேல். கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது, பல இடங்களில் லயமே இல்லை. ஒரு மாணவி தன் தாத்தா சொன்னதை ஃபோலியோவில் எழுதுகிறாள். இன்னொருவன் தாத்தாவின் பெயரை எடுத்துவிட்டுத் தன்னுடையதில் சேர்க்கிறான். மூன்றாவது ஆள் அதைப் பார்த்து எழுதும்போது, அது யாரோ எங்கேயோ சொன்ன கதை. உண்மையா என்று போய்க் கேட்க ஆளும் இல்லை, ஊரும் இல்லை.

ஆகவே தாத்தா பாட்டி சொன்னதை எழுதும்போது கீழே அவர் முழுப்பெயர், வயது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், என்றைக்குச் சொன்னார் என்று குறியுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, பெயரைப் போடலாமா என்று கேளுங்கள். சிலர் "எதுக்குய்யா என் பேரெல்லாம்" என்பார்கள். அப்போது தோட்டத்தின் பெயரையும் தேதியையும் மட்டுமாவது போடுங்கள்.